முதுகுவலின்னு எழுதிக்கோங்க

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் ஒரே துறையிலிருந்து இரண்டு செய்திகள் வந்தன. மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்திருந்த திண்டுக்கல் பக்கத்துத் தொழிலாளி ஒருவருக்கு, மூளைச்சாவு அடைந்த இன்னொருவரின் கைகளைப் பொருத்தினார்கள். அதே மாதம், அதே பிளாஸ்டிக் சர்ஜரி துறையில், மார்பக அறுவைக்கென்று கட்டணமில்லாத பிரிவு ஒன்றைச் அப்போதைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர் தொடங்கிவைத்தார். இரண்டுக்கும் துறைத் தலைவர் டாக்டர் வி. ரமாதேவிதான். கைகளைப் பார்த்து ஊர் பெருமைப்பட்டது. மார்பகம் என்றதும் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை போயிற்று.

அழகு சிகிச்சை ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது, நாம் செய்யாவிட்டால் அவர்கள் கடன் வாங்குவார்கள் அல்லது ஆபத்தான வழிகளுக்குப் போவார்கள் என்பது அமைச்சரின் வாதம். உயிர் காக்கும் சிகிச்சைகளிலிருந்து கவனம் அழகின் பக்கம் நகர்வது வருந்தத்தக்கது என்றார் பொது சுகாதாரத் துறையின் முன்னாள் இயக்குநர் எஸ். இளங்கோ. ரமாதேவி, மார்பகத்தின் பாரத்தால் தோளும் முதுகும் வலிக்கிற பெண்களைப் பற்றியும், தன்னம்பிக்கை குலைந்த இளம்பெண்களைப் பற்றியும் பேசினார். மூவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் அழகு என்றால் முகம் சுளிப்பவர்கள்கூட வலி என்றால் இறங்கிவந்துவிடுகிறார்கள். அந்த இறக்கம்தான் என்னை உறுத்துகிறது.

எங்கள் தெரு அக்கா ஒருவருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன். மீன் விற்பவர், நாற்பதைத் தாண்டியவர், மூன்று பிள்ளைகள். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் “என்னம்மா பண்ணுது?” என்று கேட்டார்கள். “முதுகுவலின்னு எழுதிக்கோங்க” என்றார். திரும்பும்போது டி.எச். ரோட்டில், ஷேர் ஆட்டோவில், அவரே பேச்சை எடுத்தார்.

“வலி கீது, இல்லன்னு சொல்லல. ஆனா வலிக்கா போனேன்? குளிச்சிட்டு கண்ணாடி முன்னால நின்னா எங்கம்மா நிக்கற மாரி கீதுடி.”

“அதையே டாக்டராண்ட சொல்லலாம்ல, அக்கா?”

“அட போடி. துட்டு குடுத்துப் போறவள இன்னா வலின்னு எவனும் கேக்க மாட்டான். நம்மள மாரி ஆளுங்களுக்கு வலி இருந்தாத்தான் சீட்டு.”

ஸ்டான்லியை ராயபுரத்துப் பெரியவர்கள் இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. 1938இல் மருத்துவக் கல்லூரியானது. 1970களில் டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே கை அறுவைச் சிகிச்சையை ஒரு தனித் துறையாகவே வளர்த்தெடுத்தார். வேறு எந்த ஊரில் அது வளரும்? ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, நடுவில் நூற்றுக்கணக்கான லேத் பட்டறைகளும் பிரஸ் ஷாப்புகளும். நசுங்கிய விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடிவருகிறவர்களுக்கு அந்த வாசல் நன்றாகத் தெரியும். கை போனால் கூலி போகும், ஆகவே கையைச் சரிசெய்வது அவசியம் என்பது எல்லோருக்கும் விளங்குகிறது. கூலிக்கு உதவாத ஒரு உறுப்பு அதே மேசைக்கு வந்தபோதுதான் சிரிப்பு வந்தது.

கூலிக்கு உதவாதது என்று சொல்வதுகூடச் சரியில்லை. காசிமேட்டில் வியாபாரம் செய்கிற பெண்களில் பலருக்குக் கல்லாப்பெட்டி ஜாக்கெட்டுக்குள்தான் இருக்கிறது. சுருக்குப் பை, அடகுச் சீட்டு, இப்போது செல்போன், எல்லாம் அங்கேதான்.

மார்பகத்தில் தசை கிடையாது. பால்சுரப்பி, கொழுப்பு, இவற்றைப் போர்த்திய தோல், இவ்வளவுதான். தசை அதற்குப் பின்னால், மார்புக்கூட்டின் மேல் படர்ந்திருக்கிறது. தோலையும் உள்ளிருக்கும் சுரப்பியையும் மெல்லிய நார்ப் பட்டைகள் இழுத்துக் கட்டியிருக்கின்றன. ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1840இல் மார்பக உடற்கூறு பற்றி எழுதிய நூலில் இவற்றை விவரித்தார். அவர் பெயரிலேயே இன்றும் வழங்குகின்றன. இந்தப் பட்டைகளும் மேல்தோலும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்க வேண்டும். இரண்டுமே நீளும். நீண்ட பிறகு பழைய அளவுக்குத் திரும்புவதில்லை.

1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கியதுதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். ஆயிற்று. பலூனை நாலு தடவை ஊதி இறக்கிவிட்டுப் பார்த்தால் பிள்ளைப்பேற்றில் நடப்பது புரிந்துவிடும். கருவுற்றதும் சுரப்பி பெருக்கிறது, தோல் அதற்கு இடம் கொடுத்து விரிகிறது. பால் நின்றதும் சுரப்பி சுருங்கிவிடுகிறது. விரிந்த தோல் விரிந்தபடியே இருக்கிறது. உடம்பு பருத்து மெலிந்தாலும் இதே கதைதான். மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, சுரப்பி இருந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. புகையிலைப் புகை தோலின் மீள்தன்மையைத் தரும் இழைகளைச் சிதைக்கிறது. இவை போகத் தாயிடமிருந்தும் தகப்பன் வழியிலிருந்தும் வருகிற தோல்வாகு வேறு. அந்த அக்கா கண்ணாடியில் தன் அம்மாவைப் பார்த்ததில் தப்பே இல்லை.

பட்டியலில் தாய்ப்பால் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். “பால் குடுத்தா மாரு சரிஞ்சிடும்” என்ற பேச்சைக் கேட்காமல் வளர்ந்த பெண் வடசென்னையில் இருக்க முடியாது. அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் பிரையன் ரிங்கர் என்ற பிளாஸ்டிக் சர்ஜனும் உடன் பணியாற்றியவர்களும் தங்களிடம் மார்பக அறுவைக்கு வந்த பெண்களை வைத்து இதைச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். வயது, உடல் எடை, எத்தனை முறை கருவுற்றார் என்ற கணக்கு, கருவுறுமுன் இருந்த மார்பக அளவு, புகைப்பழக்கம், இவையெல்லாம் தொய்வோடு தொடர்புள்ளவையாகத் தெரிந்தன. பால் கொடுத்ததற்கும் தொய்வுக்கும் தொடர்பு தெரியவில்லை. பால் கொடுக்காமலே விட்டாலும் கருவுற்றபோது விரிந்த தோல் சுருங்கப்போவதில்லை. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் பிள்ளை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடச் சொல்லிப் போராடுகிற நர்ஸுகளின் காதில் யாராவது இதைப் போட்டுவைக்க வேண்டும். வயசுக்கு வந்த பெண்ணுக்கு இந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுப்பவர்கள், பிறகு அவள் பிள்ளைக்குப் பவுடர் பால் டின் வாங்குகிற காசையும் கொடுப்பார்களா?

தாய்ப்பாலை விட மோசமான இன்னொரு பழி உண்டு. அதைப் பெண்கள் தங்களுக்குள்கூடத் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு மார்பு சரிந்திருந்தால் கண்கள் சுருங்கும். யாருடைய கை பட்டது என்று மனசு கணக்குப் போடும். பெண் பார்க்க வந்தவர்கள் பார்வையிலேயே அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போவார்கள். பருவத்திலேயே சுரப்பி அளவுக்கு மீறிப் பெருத்த பெண்ணுக்குப் பதினேழு, பதினெட்டு வயதில் தொய்வு வருவது உண்டு. பாரம் இருந்தால் இறங்கும். தொடுவதால் எந்தத் தோலும் நீளுவதில்லை. பிளாஸ்டிக் சர்ஜரி வாசலில் நிற்கிற இளம்பெண்ணைப் பார்த்து அழகுப் பைத்தியம் என்று சிரிப்பவர்கள், அவள் எதிலிருந்து தப்பிக்க வந்திருக்கிறாள் என்று ஒரு கணம் யோசிக்கலாம்.

தடுக்க வழி உண்டா? கொஞ்சம்தான். எடை ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ளலாம், புகையை விடலாம். தண்டால் எடுத்தால் பின்னாலிருக்கும் தசை திரளும். முன்னால் இருப்பதில் தசையே இல்லாதபோது அதை எப்படித் தூக்கும்? இறுக்குகிற க்ரீம், தடவுகிற எண்ணெய் எல்லாம் விற்பவருக்கு லாபம். பாடி போட்டால் தடுக்கலாம் என்பதற்கும் நல்ல சான்று இல்லை. பிரான்ஸில் பெசன்சோன் நகரத்து மருத்துவர் ழான் தெனி ரூயோன் சுமார் 330 இளம்பெண்களைப் பதினைந்து வருடம் அளந்துவிட்டு, பாடியால் ஒரு பயனும் தெரியவில்லை என்று 2013இல் சொன்னார். எல்லாப் பெண்களுக்கும் இதைப் பொருத்த வேண்டாம் என்று அவரே எச்சரிக்கவும் செய்தார். ஓடும்போதும் பாரம் தூக்கும்போதும் பாடி ஆறுதல் தருகிறது; அதற்காகப் போடலாம். போடுவதென்றால் அளவாகப் போட வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பிளாட்பாரத்துக் குவியலில், நாலு ஆண்கள் நடுவே நின்று, கடைக்காரப் பையனிடம் “முப்பத்தாறு” என்று வாய்க்குள் முனகிவிட்டு, கிடைத்ததைப் பையில் திணித்துக்கொண்டு நடக்கிறோம். அந்த எண் மார்புக்குக் கீழே நெஞ்சின் சுற்றளவைச் சொல்வது. கிண்ணத்தின் அளவைக் கேட்க நமக்கும் வாய் வராது, சொல்ல அவனுக்கும் தெரியாது. பட்டி தோளில் பதித்த பள்ளம் மட்டும் வயசானபின்னும் இருக்கிறது.

வலி உண்மைதான். கழுத்திலும் தோளிலும் முதுகிலும் இருக்கிறது. சென்னையின் புழுக்கத்தில் மார்பு வயிற்றோடு ஒட்டுகிற மடிப்பில் வேர்வை தேங்கிப் படை வருகிறது, சர்க்கரை இருந்தால் புண்ணாகிறது. பழைய வேட்டியைக் கிழித்து மடித்து அடியில் வைத்துக்கொள்ளும் பெண்கள் எத்தனையோ பேர். இதெல்லாம் தொய்வின் சங்கடங்கள். ஒரு பக்கம் மட்டும் வடிவம் மாறினாலோ, தோல் குழிந்தாலோ, காம்பு உள்ளே இழுத்துக்கொண்டாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ அது வேறு. சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். வெட்கத்தை அங்கே காட்டக் கூடாது.

பட்டினத்தார் சமாதி திருவொற்றியூர்க் கடலோரத்தில்தான் இருக்கிறது. அவர் பெயரில் வழங்கும் கச்சித் திருவகவலில், முலை அரும்புவதில் தொடங்கி அது தொங்கி வற்றிப் பிறர் நகைப்புக்கு இடமாவது வரை ஒரு நோயாளியின் கேஸ் ஷீட் மாதிரி வரிசையாகச் சொல்லி, இதையா தாமரை மொட்டென்று பாடினீர்கள் என்று கவிகளைச் சாடுகிறார். அதே மனிதர் தாய்க்குக் கொள்ளி வைக்க நின்றபோது, பாலூட்டிய அதே முலையைப் பொன்னோடு சேர்த்துப் பாடி உருகினார். பட்டினத்தார் ஒருவரா பலரா என்று அறிஞர்கள் அடித்துக்கொள்ளட்டும். ஒரே வாயிலிருந்து இரண்டும் வந்ததாக நம்பித்தான் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இரண்டையும் பாடுகிறார்கள். ஆசைக்குரியவளுடையது அழுகல், பெற்றவளுடையது பொன். நடுவில் அதைச் சுமந்துகொண்டு திரிகிறவளுக்கு அதைப் பற்றி என்ன தோன்றியது என்பதற்கு இரண்டிலும் இடமில்லை.

அந்த இடத்தை 2002இல் குட்டி ரேவதி எடுத்துக்கொண்டார். ‘முலைகள்’ என்று தொகுப்புக்குப் பெயர் வைத்ததற்கே எழுந்த கூச்சல் சிறுபத்திரிகை வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவர் சித்த மருத்துவம் படித்தவர். உறுப்பின் பெயரைச் சொல்ல ஒரு மருத்துவருக்குக்கூட இங்கே அனுமதி வேண்டியிருந்தது.

ஆனால் அவருக்கும் நெடுங்காலம் முன்னால் ஒருத்தி இருந்தாள். இங்கிருந்து மேற்கே போனால் திருவாலங்காடு. கணவன் விலகிப்போனபின் அவனுக்காகச் சுமந்த தசையை உதறிப் பேய் வடிவம் தரும்படி காரைக்கால் அம்மையார் சிவனிடம் வேண்டிப் பெற்றதாகப் பெரியபுராணம் சொல்கிறது. மூத்த திருப்பதிகத்தில் அவரே பாடுகிற பேய்க்கு முலை வற்றியிருக்கிறது, நரம்பு புடைத்திருக்கிறது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளிலும் அப்படித்தான் உட்கார்ந்து தாளம் போடுகிறார். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. எங்கள் தெரு அக்கா கழிக்கப் பார்ப்பதை அம்மையார் கேட்டு வாங்கினார். எனக்கு இரண்டு பேரையும் பிடித்திருக்கிறது, இரண்டு பேரும் கேட்டார்கள் என்பதால். அம்மையாரிடம் சிவன் முதுகுவலிச் சான்று கேட்கவில்லை.

அறுவை என்றால் என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தொய்வைத் தரம் பிரிக்க 1976இல் ரெஞ்ஞோ என்ற மருத்துவர் வகுத்த முறைதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: மார்பின் அடிமடிப்புக்குக் காம்பு எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்ப்பது. அறுவைக்கு முன் பெண்ணை நிற்கவைத்து, பேனாவால் தோலின் மேல் கோடு போடுகிறார்கள். படுத்தால் எல்லாம் இடம் மாறிவிடும். கழுத்தடிக் குழியிலிருந்து காம்புக்கு 21 சென்டிமீட்டர் என்று பாடப்புத்தகங்களில் ஒரு கணக்கு வரும். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜாக் பென் 1955இல் 150 பெண்களை அளந்து, அவர்களில் அழகு குறையாதவர்கள் என்று தானே பொறுக்கிய இருபது பேரிடமிருந்து எடுத்தது அது. அந்த இருபது பேர் எப்படி இருந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். காசிமேட்டு மீன்காரிகள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மயக்க மருந்து கொடுத்து இரண்டு மூன்று மணி நேரம் நடக்கும். பெரும்பாலும் உள்ளே எதையும் கட்டித் தூக்குவதில்லை. மிஞ்சிய தோலைக் கழித்து, மிச்சத்துக்குள் சுரப்பியைத் திரட்டி வடிவமைக்கிறார்கள். காம்பைத் துண்டிக்காமல், ரத்த ஓட்டமுள்ள திசுவோடு சேர்த்து மேலே நகர்த்துகிறார்கள். பாரம் அதிகமென்றால் சுரப்பியிலும் கொழுப்பிலும் ஒரு பகுதியை எடுத்துவிடுவார்கள். லேசான தொய்வென்றால் காம்பைச் சுற்றி ஒரு வட்டத் தையலோடு போகும். கூடுதலானால் வட்டத்திலிருந்து கீழே ஒரு நேர்க்கோடு. மிகுதியானால் அடிமடிப்பிலும் ஒரு வளைகோடு சேரும். 1956இல் ராபர்ட் வைஸ் வடிவமைத்த அச்சிலிருந்து வந்த இந்த மூன்றாவதை மருத்துவர்கள் நங்கூரத் தழும்பு என்கிறார்கள். துறைமுகத்துப் பெண்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை.

தழும்பு போகாது. நம்முடைய மாநிறத் தோலில் சிலருக்கு அது தடித்து மேடு தட்டும். காம்பில் உணர்வு குறையலாம், பால் கொடுக்கும் திறன் குறையலாம், இரண்டு பக்கமும் அச்சாக ஒத்துப்போகாமல் இருக்கலாம். சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் தையல் ஆறுவது சிரமம். பிள்ளை பெறும் எண்ணம் முடிந்து, எடை ஒரு நிலைக்கு வந்தபின் செய்துகொள்வது நல்லது. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் வருடங்கள் போகப் போகத் தோல் மறுபடி நீளும். சிலிக்கோன் பை வைத்து நிரப்பினால் நிமிரும் என்று சொல்வார்கள். அந்தப் பைக்கும் பாரம் உண்டு, ஆயுளும் ஒரு வரம்புக்குள்தான். மலிவான தொழிற்சாலை சிலிக்கோனை அடைத்து விற்ற பிரெஞ்சு நிறுவனம் ஒன்று 2010இல் பிடிபட்டபோது உலகம் முழுக்கப் பெண்கள் அதை எடுக்க மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒருத்தி “எனக்கு வேணும்” என்றால், அந்த ஒரு சொல் போதாதா? 2008இல் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்து, அரசு மருத்துவமனைகளில் அவர்களுக்குக் கட்டணமில்லாமல் அறுவையும் செய்யத் தொடங்கிய மாநிலம் இது. தன் உடம்பு தனக்குள் எப்படி இருக்கிறது என்று ஒருவர் சொல்வதை நம்பலாம் என்று அப்போது கற்றுக்கொண்டோம். அந்த ஆசை சினிமாவிலிருந்து வந்ததா, சீரியலிலிருந்து வந்ததா, புருஷனின் ஏச்சிலிருந்து வந்ததா என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. புருஷனின் ஏச்சென்றால் கத்தி வைக்க வேண்டிய இடம் வேறு. ஆனாலும் தனியார் மருத்துவமனைக்குக் காரில் போகிறவளின் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்காத நான், ஓ.பி. வரிசையில் நிற்பவளை மட்டும் குடைவது எந்த ஊர் நியாயம்? இளங்கோ சொன்ன கவலையை நான் ஒதுக்கவில்லை. தியேட்டரும் மயக்க மருந்து டாக்டரும் குறைவாக இருக்கும்போது புற்றுநோயாளி முன்னால் போகட்டும். பின்னால் நிற்கத் தயாராக இருப்பவளை வரிசையிலிருந்தே வெளியே தள்ள வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

அறுவைக்குப் பின் நாலிலிருந்து ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது, கையைத் தலைக்கு மேல் உயர்த்தக் கூடாது. அன்னக்கூடையைத் தலையில் ஏற்றிப் பிழைக்கிறவருக்கு அதன் பொருள் ஆறு வாரம் வருமானம் இல்லை என்பதுதான். அவருக்குத் தோதான காலம் ஒன்று இருக்கிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஏலக்கூடத்தில் கூட்டம் இருக்காது. ஃபைபர் படகுகள் கொண்டுவருவது கொஞ்சம்தான். அப்போது படுத்துக்கொண்டால் வியாபாரம் கெடாது. ஆனால் அந்த 61 நாளுக்குள்தான் கத்திரி வெயில் வருகிறது. மடிப்பில் தையல், மேலே ராத்திரி பகலாகக் கழற்றக் கூடாத இறுக்கமான பாடி, ஒரே அறையில் அஞ்சு பேர். சர்க்கரை வேறு இருந்தால் அந்த வேர்வையில் தையல் ஆறாது. கத்திரி கழிந்து மே கடைசியில் போய்ப் படுத்தால், ஆறு வாரம் முடிய ஜூலை நடுவாகிவிடும். படகுகள் ஜூன் நடுவிலேயே கடலுக்குப் போயிருக்கும். வீட்டில் இரண்டு மாதம் வருமானம் குறைந்து வட்டிக்கு வாங்கியிருக்கிற நேரத்தில், முதல் மீன் வருகிற நாலு வாரத்தை விட்டுவிட வேண்டும். கட்டணமில்லாத அறுவையில் அந்த நாலு வாரம் சேர்த்தி இல்லை.